வளவுக்குள் கோரை: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பெருநிலம் எங்கும் கிணற்றடியிலும் மிளகாய்ப் பாத்தியிலும் வாழையடியிலும் விடாமல் முளைப்பது கோரை. அதன் விஞ்ஞானப் பெயர் சைப்பிரஸ் ரொட்டண்டஸ். வீட்டுத்தோட்டம் செய்பவர்கள் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான பதில்கள் இங்கே இருக்கின்றன. வயலில் பெரிய அளவில் செய்வோருக்குச் சில இடங்களில் அளவு மாறும். செடியின் குணம் எங்கும் ஒன்றுதான்.

எங்கள் வளவில் நிற்பது கோரைதான் என்று எப்படி உறுதி செய்வது?

தண்டை விரல்களுக்கிடையில் வைத்து உருட்டிப் பாருங்கள். புல்லின் தண்டு உருண்டையாக இருக்கும். கோரைத் தண்டுக்கு மூன்று விளிம்பு உண்டு, விரலில் தட்டுப்படும். இலை கரும்பச்சை, மினுக்கமானது. அடியிலிருந்து மூன்று பக்கமாக விரியும். பூங்கதிர் செம்பழுப்பு நிறம்.

தண்டை மட்டும் நம்ப வேண்டாம். வயல்களில் வரும் வேறு கோரைகளுக்கும் மூன்று விளிம்பு உண்டு. அவற்றில் பல விதையால் வருபவை, வேரோடு இழுத்தால் முடிந்துவிடும். ஆகவே ஒரு செடியைச் சுற்றி அரை அடி ஆழம் மெதுவாகக் கிண்டிப் பாருங்கள். கம்பி போன்ற மெல்லிய வேர்த்தண்டில் மணி கோத்ததுபோல் ஒன்றன்பின் ஒன்றாகக் கிழங்குகள் இருந்தால் சந்தேகமில்லை. இளங்கிழங்கு வெள்ளையாக மெதுமெதுவென்று இருக்கும். முற்றியது கறுத்து, நார் மூடி, கச்சான் பருப்பளவில் கடினமாக இருக்கும். நசுக்கி மணந்தால் நாட்டுமருந்துக் கடை வாசம் வரும்.

பிடுங்கப் பிடுங்கக் கூடுகிறதே, ஏன்?

மேலே தெரிவது செடியின் சிறு பங்குதான். மண்ணுக்குள் ஒன்றிரண்டு அங்குலம் கீழே இலைகள் தொடங்கும் இடத்தில் ஒரு சின்னக் குமிழ் இருக்கிறது. அதை அடிக்குமிழ் என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து வேர்த்தண்டு பக்கவாட்டில் ஓடி ஒரு கிழங்கு வைக்கும். அந்தக் கிழங்கிலிருந்து இன்னொரு வேர்த்தண்டு ஓடி இன்னொரு கிழங்கு வைக்கும். சங்கிலி இப்படியே நீளும்.

சங்கிலி அறுபடாமல் இருக்கும்வரை நுனியிலுள்ள கிழங்கு மற்றவற்றை முளைக்க விடாமல் அடக்கி வைத்திருக்கும். நீங்கள் செடியைப் பிடித்து இழுக்கும்போது அடிக்குமிழ் மட்டும் கையோடு வருகிறது, சங்கிலி நடுவில் அறுகிறது. அடங்கிக் கிடந்த கிழங்குகள் எல்லாம் அவிழ்த்துவிட்டதுபோல் முளைக்கின்றன. ஒன்று பிடுங்கிய இடத்தில் நான்கு வருவது இதனால்தான். ஒரு கிழங்கில் பல முளைக்கண்கள் இருப்பதால் ஒரு முளையைச் சாகடித்தாலும் அடுத்த கண் விழிக்கும்.

தண்ணீரும் வெயிலும் உள்ள நல்ல மண்ணில் ஒரு கிழங்கு மூன்று மாதத்தில் ஏறத்தாழ நூறு கிழங்காகும். 90க்கு மேற்பட்ட நாடுகளில் பயிர்களைத் தொல்லைப்படுத்தும் இதை உலகின் மிக மோசமான களை என்று களை ஆய்வாளர்கள் முதலிடத்தில் வைத்திருக்கிறார்கள். உங்கள் வளவில் அது கூடியது உங்கள் கவலையீனம் அல்ல.

முன்பு இல்லாத இடத்துக்கு எப்படி வந்தது?

விதையால் என்று பலர் நினைக்கிறார்கள். கோரை பூத்தாலும் அதன் விதை முளைப்பது மிகக் குறைவு. வருவதெல்லாம் கிழங்காகத்தான் வருகிறது. வீடு கட்டும்போது நிலம் உயர்த்தக் கொண்டுவந்து கொட்டும் மண், ஆற்று மணல், நாற்றுமேடையிலிருந்து வாங்கும் கன்றுப்பை, பட்டியடியில் மண்ணோடு சேர்த்து வாரிய மாட்டெரு, வேறு காணியில் உழுதுவிட்டு நேரே உங்கள் காணிக்குள் இறங்கும் ரொட்டவேற்றர் ஆகியவைதான் வழமையான வழிகள்.

மண்ணோ எருவோ வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யலாம். குவியலின் மூன்று நான்கு இடத்தில் எடுத்த மண்ணை ஒரு பழைய பேசினில் அரை அடி உயரத்துக்குப் போட்டு, ஈரமாக வைத்து, வெயில் படும் இடத்தில் இரண்டு வாரம் விடுங்கள். கோரை இருந்தால் ஊசிபோல் முளை வரும். கன்றுப்பையை நடுமுன் பையைக் கிழித்து அடிப்பக்க மண்ணைப் பாருங்கள். கிழங்குகள் பையின் ஓரத்தோடு ஒட்டி ஓடியிருக்கும். உழவு இயந்திரம் உள்ளே வருமுன் அதன் பற்களிலும் சில்லிலும் ஒட்டிய மண்ணை வாசலிலேயே தட்டி விழுத்தச் சொல்லுங்கள். கேட்கச் சங்கடமாக இருக்கும், ஆனால் அந்த ஐந்து நிமிடம் பல வருட வேலையைத் தவிர்க்கும்.

முற்றாக ஒழிக்க முடியுமா?

சிறிய இடம் என்றால் முடியும். கிணற்றடி, இரண்டு மூன்று பாத்தி, கன்றுமேடை போன்ற இடங்களை இரண்டு கோடையும் இடையில் ஒரு மாரியும் விடாமல் கவனித்தால் துப்புரவாக்கலாம். அரை ஏக்கர் வளவு முழுவதையும் ஒரே முறையில் துப்புரவாக்க முயன்றால் இடைநடுவில் கை ஓய்ந்துவிடும். ஓய்ந்த ஒரு மாதத்தில் இழந்த கிழங்கை எல்லாம் செடி திரும்ப வைத்துவிடும்.

அதனால் வளவை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வெங்காயம், கீரை, நாற்றுமேடை போன்றவற்றுக்கு ஒதுக்கும் இடத்தில் ஒரு முளையும் நிற்கக்கூடாது. வாழை, கத்தரி, பயிற்றை நிற்கும் இடத்தில் அடக்கி வைத்தால் போதும். தென்னைக்குக் கீழும் வேலிக்கரையிலும் நிற்பது நிற்கட்டும், மற்ற இரண்டு இடத்துக்கும் நகராமல் பார்த்துக்கொண்டால் சரி. கோரையோடு பல வருடம் நல்ல விளைச்சல் எடுப்பவர்கள் இப்படித்தான் செய்கிறார்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை செருக்க வேண்டும்?

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. மூன்று வாரத்தைத் தாண்டவே கூடாது.

முளை மண்ணுக்கு மேல் வந்த முதல் நாட்களில் இலை வளர்வது கிழங்கிலுள்ள மாச்சத்தைத் தின்றுதான். இலைகள் ஐந்து ஆறாகி, தன் உணவைத் தானே தயாரிக்கத் தொடங்கியபின் மிச்சத்தைக் கீழே அனுப்பும். மூன்றாவது வாரமளவில் புதுக்கிழங்கு வைக்கத் தொடங்கிவிடும். அதற்கு முன் வெட்டினால் கிழங்குக்குச் செலவு மட்டும்தான், வரவு இல்லை. ஒரு மாதத்துக்கு ஒருமுறை வெட்டினால் வளவு அழகாகத் தெரியும், கீழே கிழங்கு கூடிக்கொண்டே போகும்.

வெட்டும் ஆழமும் முக்கியம். மண் மட்டத்தில் சீவினால் அடிக்குமிழ் தப்பும், இரண்டு மூன்று நாளில் இலை திரும்ப நீளும். உழவாரத்தைச் சரித்துப் பிடித்து இரண்டு அங்குலம் கீழே விட்டு அடிக்குமிழோடு அறுங்கள். அப்போது கிழங்கு புதுக் கண்ணை விழிக்க வைக்கவேண்டி வரும், அதற்கு நாளும் சத்தும் கூடுதலாகச் செலவாகும். வாய் மழுங்கிய உழவாரம் அறுக்காது, இழுக்கும். வேலைக்கு முன் அரத்தால் இரண்டு தரம் தீட்டிக்கொள்ளுங்கள்.

ஏழெட்டு முறை ஒழுங்காகச் செய்தபின் வரும் முளைகள் மெலிந்து, இலை ஒடுங்கி, நிறம் வெளிறி வரும். கிழங்கு வற்றுகிறது என்பதன் அடையாளம் அது. பலர் அந்த நேரத்தில்தான் இனிப் பிரச்சினை இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். இன்னும் நான்கைந்து முறை தொடருங்கள்.

கோடையில் கொத்திக் காயவிடுவது பலன் தருமா? எப்படிச் செய்வது?

வன்னியில் வாழ்பவருக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு இதுதான். வெள்ளமும் வெட்டும் கோரையைச் சாகடிக்காது. காய்ச்சல் சாகடிக்கும். கிழங்கின் ஈரம் ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்கினால் அது திரும்ப உயிர்க்காது. வைகாசி பிற்பகுதியிலிருந்து ஆவணி வரை மழையின்றி, வெயிலோடு சோளகக் காற்றும் வீசும் காலம் நமக்கு இருக்கிறது.

முதலில் அந்த இடத்துக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்துங்கள். மண் கல்லாக இறுகுமுன், இலேசான ஈரம் இருக்கும்போதே ஒரு அடி ஆழத்துக்கு மண்வெட்டியால் கொத்திப் புரட்டுங்கள். கிழங்குகளில் பெரும் பங்கு மேல் அரை அடிக்குள்தான் இருக்கும். கீழே இருப்பவற்றுக்காகத்தான் மற்ற அரை அடி. கட்டிகளை உடைத்து மண்ணைப் பரவுங்கள். கைக்குக் கிடைக்கும் கிழங்கைப் பொறுக்கி வாளியில் போடுங்கள், ஆனால் எல்லாவற்றையும் பொறுக்க முயன்று நாளைச் செலவழிக்க வேண்டாம். ஒரு கிழமை வெயில் பட்டதும் திரும்பப் புரட்டுங்கள். அடுத்த கிழமை இன்னொரு முறை. மூன்றாம் முறைக்குப்பின் வாரியால் வாரினால் காய்ந்த கிழங்குகள் வேர்நாரோடு சிக்கி வரும்.

செத்ததா என்று பார்க்கப் பத்துக் கிழங்கைக் கத்தியால் குறுக்கே வெட்டுங்கள். உள்ளே வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ சாறோடு இருந்தால் உயிர் உண்டு. மண்ணிறமாகிச் சுருங்கி, மரத்தூள்போல் உதிர்ந்தால் செத்தது. பத்தில் மூன்றுக்கு மேல் உயிரோடிருந்தால் இன்னும் ஒரு புரட்டல் வேண்டும்.

இது தவறுவது பெரும்பாலும் கட்டிகளால். ஒரு முட்டியளவு மண்கட்டிக்குள் இருக்கும் கிழங்குக்கு இரண்டு வார வெயிலும் எட்டாது. வவுனியாப் பக்கத்துச் செம்மண் காய்ந்தால் கல், நனைந்தால் பசை. அங்கே கொத்தும் நாளைத் தெரிவதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு பிடி மண்ணை அமுக்கி விரலால் தட்டினால் உதிர வேண்டும். பசைபோல் நின்றால் இரண்டு நாள் பொறுங்கள். முல்லைத்தீவுக் கரையோர மணலில் இந்தக் கரைச்சல் இல்லை. ஆனால் மணலில் கிழங்கு ஆழமாக இறங்கும், அங்கே ஒன்றரை அடி கொத்த வேண்டிவரும். பக்கத்துப் பாத்திக்கு இறைக்கும் தண்ணீர் கசிந்து வந்தாலும் முழு வேலையும் வீண். வாய்க்கால் அந்த இடத்தை ஒட்டி ஓடாதபடி மாற்றிவிடுங்கள்.

எங்கள் காணி மீள்குடியேறிய பிறகுதான் துப்புரவாக்கியது. ஆழமாகக் கிண்டலாமா?

கண்ணிவெடி அகற்றி முறைப்படி விடுவிக்கப்பட்ட காணியில் வழமையான தோட்ட ஆழத்துக்குக் கொத்தலாம். காடு மூடிக் கிடந்த வேலிக்கரை, பழைய மண்ணணை, பதுங்குகுழி இருந்த பள்ளம் ஆகிய இடங்களில் கோரைக்காக அலவாங்கு போட வேண்டாம். அங்கே மேலால் வெட்டி அடக்குவது போதும். உலோகமாகவோ பிளாஸ்ரிக்காகவோ இனந்தெரியாத பொருள் தட்டுப்பட்டால் தொடாமல், வந்த அடியிலேயே திரும்பி, இடத்தை அடையாளப்படுத்திவிட்டுக் கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். சிவப்பு எச்சரிக்கைப் பலகை நிற்கும் பக்கம் பிள்ளைகளைக் கிழங்கு பொறுக்க அனுப்பாதீர்கள்.

கறுப்புப் பொலித்தீன் விரித்தோம், அதைத் துளைத்துக்கொண்டு வந்துவிட்டது. என்ன பிழை?

பிழை நிறத்தில் இருக்கிறது. கோரை முளை இருட்டில் வளரும்போது இலைகள் இறுகச் சுருண்டு ஊசிபோல் கூராக இருக்கும். வெளிச்சம் பட்டபின்தான் விரியும். கறுப்புப் பொலித்தீனின் அடிப்பக்கம் இருட்டு, அதனால் முளை கடைசிவரை ஊசியாகவே இருந்து குத்துகிறது. கண்ணாடிபோல் தெளிந்த பொலித்தீனின் கீழே வெளிச்சம் படுவதால் முளை அங்கேயே விரிந்துவிடும். விரிந்த இலையால் குத்த முடியாது. அதற்குள் அடைபட்ட சூட்டில் கருகும்.

ஆகவே தெளிந்த பொலித்தீனை வெயில்மூட்டாகப் பயன்படுத்துங்கள். ஆனி, ஆடி, ஆவணி மாதங்கள் இதற்கு ஏற்றவை. நிலத்தைக் கொத்தி, கட்டி உடைத்து, மட்டமாக்குங்கள். பிறகு ஒரு அடி ஆழம் ஊறும்படி தண்ணீர் விடுங்கள். காயவிடும் முறைக்கு இது நேர்மாறு, இரண்டையும் ஒரே இடத்தில் கலக்கக்கூடாது. ஈரமண் சூட்டைக் கீழே கடத்தும், கிழங்கையும் முளைக்கத் தூண்டும். அடுத்த நாளே பொலித்தீனை மண்ணோடு ஒட்டும்படி இழுத்து விரித்து, நான்கு ஓரத்தையும் அரை அடி ஆழமான கானில் புதைத்து மிதியுங்கள். இடைவெளி விட்டால் சோளகம் முதல் இரவிலேயே கிழித்துவிடும். மாடும் நாயும் மிதிக்காமல் சுற்றி அடைப்புப் போட்டு, கிழிசல் கண்டால் உடனே ஒட்டி, ஆறு கிழமை விட வேண்டும்.

மேல் நான்கு அங்குலத்திலுள்ள கிழங்குகளில் பெரும்பாலானவை அவிந்துவிடும். ஆழத்திலுள்ளவை நலியும், ஆனால் தப்பும். அதனால் பொலித்தீனை எடுத்தபின் அந்த இடத்தை ஆழமாகக் கொத்தவே வேண்டாம், கொத்தினால் உயிருள்ளதை நீங்களே மேலே கொண்டுவருகிறீர்கள். ஓரத்திலிருந்து ஒரு அடி அகலத்துக்குச் சூடு ஏறுவதில்லை. முதல் முளை அங்கிருந்துதான் வரும்.

காட்போட் மட்டையும் வேலை செய்யும். இரண்டு அடுக்காக, ஒன்றன்மேல் ஒன்று எட்டு அங்குலம் ஏறும்படி வைத்து, நனைத்து, மேலே வைக்கோல் அல்லது கிளிசரியா இலை அரை அடி போடுங்கள். ஆனால் கோடையில் போட்டால் கறையான் சில கிழமையில் தின்று முடித்துவிடும். ஐப்பசி மழையோடு போட்டால் தை வரை நிற்கும். வாழை, பப்பாசி அடிகளுக்கு இது மிகவும் ஏற்றது. பழைய தறப்பாள் வீட்டில் இருந்தால் இரண்டாக மடித்து விரித்துப் பாரம் வையுங்கள். நெய்த தறப்பாளைத் துளைப்பது வெறும் பொலித்தீனைத் துளைப்பதைவிடக் கடினம். ஆனால் மூடி வைப்பது மட்டும் கிழங்கைச் சாகடிக்காது. திறந்த அன்றிலிருந்து செருக்கத் தொடங்க வேண்டும்.

உழவு இயந்திரம் விட்டு ஒரேயடியாக உழுதால்?

எப்போது உழுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கோடைத் தொடக்கத்தில் கொழுக்கலப்பையால் புரட்டிவிட்டு மழை வரும்வரை தண்ணீர் காட்டாமல் விட்டால் நல்லது. மழை விழுந்தபின் ரொட்டவேற்றர் விடுவது கோரைக்கு நாற்று நட்டுக் கொடுப்பதற்குச் சமம். சங்கிலியைத் துண்டு துண்டாக்கி வளவு முழுவதும் சமமாகப் பரப்பி, ஈரத்தையும் கொடுத்துவிடும். ஒரு மூலையில் மட்டும் கோரை நிற்கிறது என்றால் அந்த மூலையை விட்டுவிட்டு மற்றதை உழச் சொல்லுங்கள்.

எந்தப் பயிர் வைத்தால் அடங்கும்?

கோரைக்கு நிழல் ஆகாது. முழு வெயிலில் வேகமாக வளரும் செடி, மேலே இலை மூடினால் கிழங்கு வைப்பது வெகுவாகக் குறையும். அதனால் நிலத்தைச் சீக்கிரம் மூடும் பயிர்கள் வேண்டும். கௌபி ஒரு மாதத்துக்குள் வரிசையை மூடிவிடும். வரிசைக்கிடை ஒரு அடி, செடிக்கிடை அரை அடி வையுங்கள். பூசணி மூட ஆறேழு கிழமை எடுக்கும், ஆனால் மூடியபின் அதைப்போல் அடக்கும் பயிர் வேறில்லை. மூடும்வரை இரண்டு முறை செருக்கிக் கொடுக்க வேண்டும். மரவள்ளியும் வாழையும் நெருக்கி நட்டால் இரண்டாம் வருடம் உதவும்.

பயிர் ஒன்றும் வைக்காத பாத்திக்குச் சணல் நல்லது. கால் ஏக்கருக்கு நான்கைந்து கிலோ விதையை நெருக்கமாகத் தூவுங்கள். ஆளுயரம் வளர்ந்து பூக்கத் தொடங்கும் ஒன்றரை மாதத்தில் வெட்டி மண்ணோடு மடித்துவிடலாம். நிழலும் கிடைக்கும், பசளையும் கிடைக்கும்.

வற்றாளைக் கொடி நிலத்தை நன்றாக மூடும் என்பது உண்மை. ஆனால் கோரை அடர்ந்த இடத்தில் அதன் கூர்நுனி வற்றாளங்கிழங்கையே குத்தி ஊடுருவும், துளைபட்ட கிழங்கு அழுகும். முதல் வருடம் அங்கே வைக்க வேண்டாம்.

வெங்காயப் பாத்திக்குள் வந்துவிட்டால்?

வெங்காய இலை மெல்லியது, கடைசிவரை நிழல் தராது. வேரும் ஆழமில்லை. கோரைக்கு எல்லா வசதியும் உள்ள பயிர் இதுதான். இழப்பும் இதில்தான் அதிகம். நட்டபின் திருத்துவதைவிட நடுமுன் செய்வது நல்லது.

பாத்தி கட்டி, வெங்காயம் நடாமலே தண்ணீர் விடுங்கள். 12 முதல் 14 நாளில் மேல்மட்டக் கிழங்குகள் முளைக்கும். மண்ணைப் புரட்டாமல் உழவாரத்தால் இரண்டு அங்குலம் கீழே அறுத்துவிட்டு, திரும்பத் தண்ணீர் விட்டு, இன்னும் ஒரு முறை முளைக்க வைத்து அறுங்கள். அதன்பிறகு நடுங்கள். நான்கு கிழமை போய்விடும், காலபோக முடிவிலோ சிறுபோகத் தொடக்கத்திலோ அந்த நாட்களைக் கணக்கிலெடுத்துக்கொள்ளுங்கள். நட்ட 15ஆம் நாளிலும் 30ஆம் நாளிலும் கையால் களை எடுக்க வேண்டும். இறைத்த அடுத்த நாள், சிறு கம்பியால் அடியை நெகிழ்த்தி அடிக்குமிழோடு தூக்குங்கள். சும்மா இழுத்தால் வெங்காய வேரும் அசையும்.

யூரியாவைப் பாத்தி முழுவதும் வீசினால் முதலில் கொழுப்பது கோரை. வரிசையோடு கோடு கிழித்து இட்டு மூடுங்கள்.

உப்பு, சுடுதண்ணீர், கழிவு ஒயில்?

மூன்றும் இலையைக் கருக்கும், கிழங்கைத் தொடாது. சுடுதண்ணீர் மண்ணில் இறங்கிய ஓரிரு அங்குலத்திலேயே ஆறிவிடும். முற்றத்துக் கல்லிடுக்குக்கு அது பரவாயில்லை. உப்புப் போட்ட இடத்தில் கோரை திரும்ப வரும், கத்தரி வராது. கழிவு ஒயிலை எந்தக் காரணத்துக்கும் ஊற்ற வேண்டாம். மாரியில் அது கிணற்றுக்குள் இறங்கும், அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறீர்கள்.

களைநாசினி அடிக்கலாமா?

வீட்டுத்தோட்டத்துக்குத் தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. பிள்ளைகள், கோழி, கிணறு எல்லாம் ஒரே வளவுக்குள் இருக்கும் இடம் அது. வவுனியா உள்ளிட்ட உலர்வலயப் பகுதிகளில் காரணம் முழுமையாகத் தெளியாத சிறுநீரக நோய் பல குடும்பங்களைத் தின்றிருக்கிறது. அந்தச் சந்தேகத்தின் பேரில்தான் கிளைபோசேட் 2015இல் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் றப்பருக்கும் விலக்குக் கிடைத்தது, பின்னர் தடை நீங்கியது. இன்று எது அனுமதிக்கப்பட்டது, எந்தப் பயிருக்கு, எந்த அளவு என்பதை உங்கள் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டபின்தான் கடைக்குப் போக வேண்டும்.

பெரிய காணியில் அடிக்கத் தீர்மானித்தவர்கள் தோற்பது ஏன் என்பதையும் சொல்ல வேண்டும். கிளைபோசேட் போன்றவை இலையால் உறிஞ்சப்பட்டுக் கிழங்குக்கு இறங்க வேண்டும். வாடி நிற்கும் செடியில் இறங்காது, மூன்று இலைக் குருத்திலும் இறங்காது. ஈரமண்ணில், இலை நிறைந்து பூக்கத் தொடங்கும் நேரத்தில்தான் இறங்கும். கலங்கிய குளத்துத் தண்ணீரில் கரைத்தால் சேற்றுத்துகள் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். சவர்க்காரம் நுரைக்காத கடினமான கிணற்றுநீரும் அதன் வலுவைக் குறைக்கும். மழைநீர் நல்லது. அடித்தபின் இரண்டு மூன்று வாரம் அந்த இடத்தை வெட்டவோ உழவோ கூடாது. எல்லாம் சரியாகச் செய்தாலும் உறங்கிக் கிடந்த கிழங்கை மருந்து எட்டாது, அடுத்த மழைக்கு அவை முளைக்கும். காற்று வீசும்போது அடித்தால் பக்கத்து மிளகாய் முதலில் போகும்.

பார்த்தீனியத்துக்குச் செய்வதையே இதற்கும் செய்யலாமா?

இல்லை. 1999இல் வவுனியாவில் பதிவான பார்த்தீனியம் விதையால் பரவுவது. பூக்குமுன் கையுறையோடு வேருடன் பிடுங்கினால் அந்தச் செடியின் கதை முடிந்தது. கோரைக்குப் பூ ஒரு பொருட்டே அல்ல. பூ வருமுன்னரே கீழே கிழங்கு வைத்திருக்கும்.

பிடுங்கிய கிழங்கைக் கூட்டெருவுக்குள் போடலாமா?

இலையைப் போடலாம், கிழங்கை ஒருபோதும் போட வேண்டாம். வீட்டுக் கூட்டெருக் குவியல் முழுவதும் ஒரே சீராகச் சூடேறுவதில்லை. ஓரத்தில் கிடந்த கிழங்கு எருவோடு சேர்ந்து ஒவ்வொரு பாத்திக்கும் போய்ச் சேரும். பீப்பாய்த் தண்ணீரில் ஊறப்போட்டால் அழுகும் என்பதும் நம்பக்கூடியதல்ல. தண்ணீருக்குள் அடங்கிக் கிடந்து வெளியே வந்ததும் முளைக்கும். தகரத்தின்மேல் ஒரு அடுக்காகப் பரவி இரண்டு வாரம் காயவிட்டு, வெட்டிப் பார்த்து, பிறகு அடுப்பில் எரியுங்கள்.

பக்கத்து வளவிலிருந்து வருவதைத் தடுப்பது எப்படி?

எல்லையோடு ஒன்றரை அடி ஆழத்துக்குக் கான் வெட்டி, பழைய தகரத்தைச் செங்குத்தாக இறக்கி, இரண்டு அங்குலம் மேலே தெரியும்படி மண் அணையுங்கள். வேர்த்தண்டுகள் பெரும்பாலும் மேல்மட்டத்தில் ஓடுவதால் இது மறிக்கும். தகரம் துருப்பிடித்து ஓட்டை விழும்வரைதான் பலன், வருடம் ஒருமுறை பார்க்க வேண்டும். தகரம் இல்லையென்றால் எல்லையோடு இரண்டு அடி அகலத்தைப் பயிரின்றி விட்டுக் கிழமைக்கு ஒருமுறை செருக்குங்கள். அயலவரோடு ஒரே நாளில் சேர்ந்து செய்வது இரண்டையும்விட மேல்.

ஆடு, மாடு, கோழி விட்டால் தின்னாதா?

மாடு இளம் இலையை மேயும். ஆட்டுக்கு வேறு தழை இருந்தால் இதைத் திரும்பியும் பாராது. கோழி மேலே கிண்டும், கிழங்கு தின்னாது. மேய்வது வெட்டுவதற்குச் சமம், ஆனால் ஒழுங்கில்லாத வெட்டு. கிழங்கை விரும்பித் தோண்டித் தின்பது பன்றி. காட்டுப்பன்றி இரவில் வந்து கிளறும் இடங்களில் கிழங்கு குறையும் என்று மகிழ வேண்டாம், தின்றதைவிடச் சிதறவிட்டது அதிகமாக இருக்கும். வரம்பும் போய்விடும்.

கோரைக்கிழங்கு மருந்துக்கு உதவுமே?

உதவும். சித்த வைத்தியத்தில் முத்தக்காசு என்பது இதுதான். காய்ச்சல் குடிநீரிலும் குளியல் பொடியிலும் சேர்கிறது. கழுவி, நாரைத் தீயில் வாட்டி உரித்து, நறுக்கிக் காயவைத்துச் சேமிக்கலாம். களைநாசினி அடித்த நிலத்திலும் மலசலகூடக் குழியருகிலும் எடுத்ததை உடம்புக்குப் பயன்படுத்த வேண்டாம். உள்ளுக்குக் குடிப்பதை வைத்தியரைக் கேட்டுச் செய்யுங்கள். மருந்துக்கென்று கோரையை வளர்க்கத் தேவையில்லை, செருக்கும்போது கிடைப்பதே ஒரு வீட்டுக்கு அதிகம்.

மாரி தொடங்கப்போகிறது. கோடையில் ஒன்றும் செய்யவில்லை. இப்போது என்ன செய்யலாம்?

கொத்த வேண்டாம். முதல் மழைக்கு வரும் முளைகளை எண்ணிப் பாருங்கள். ஒரு சதுர அடிக்கு ஐந்துக்கு மேல் நிற்கும் பாத்திகளில் இந்தப் போகம் வெங்காயத்தையும் கீரையையும் விட்டுவிட்டு, கௌபியோ பூசணியோ போடுங்கள். வாழையடிகளுக்கு மட்டையும் தழையும் போட இதுதான் நேரம். மிச்ச இடத்தை மழை விடும் இடைவெளிகளில் இரண்டு வாரக் கணக்கில் அறுத்துக்கொண்டு வாருங்கள். ஈரமண்ணில் உழவாரம் இலகுவாக இறங்கும், ஆனால் வெட்டிய செடியை அங்கேயே போட்டால் அடிக்குமிழ் வேர்விட்டு எழும்பும். அள்ளித் தகரத்தில் போடுங்கள். வரும் வைகாசியில் எந்த மூலையில் தொடங்குவது என்பதை இப்போதே தடி நட்டுக் குறித்து வையுங்கள், கோடையில் மேலே இலை காய்ந்துவிட்டால் அடர்ந்த இடம் எது என்று தெரியாது.